அந்த வேப்பமரத்துக் குருவி கிரீனிஷா, கிரீனா, லார்ஜ் பில்டா?

முதலில் நீங்கள் கேட்ட கேள்வியைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தென்காசிப் பக்கம் உங்கள் வீடு. நவம்பர் கடைசியிலிருந்து வாசல் வேப்பமரத்தில் ஒரு சின்னப் பறவை, சிட்டுக்குருவியைவிடச் சின்னது, மேலே பச்சை மாதிரி, கீழே அழுக்கு வெள்ளை, ஒரு நொடி ஓரிடத்தில் நிற்பதில்லை. நாலு படம் எடுத்ததில் ஒன்றில் இலை, ஒன்றில் வால், ஒன்றில் அடிவயிறு, கடைசி ஒன்றில்தான் தலை. பறவை பார்ப்பவர்கள் குழுவில் போட்டதும் ஒருவர் கிரீனிஷ் வார்ப்ளர் என்றார், ஒருவர் கிரீன் வார்ப்ளர் என்றார், மூன்றாமவர் லார்ஜ் பில்ட் என்றார், நாலாவதாக ஒருவர் தையல்சிட்டு என்று முடித்துவிட்டார். இதில் எது சரி என்பது முதல் கேள்வி. பழைய கையேட்டில் கிரீனும் கிரீனிஷும் ஒரே இனம் என்று இருக்கிறது, பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இபேர்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன, யாரை நம்புவது என்பது இரண்டாவது.

படத்தை மட்டும் காட்டியிருந்தால் எனக்கும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "சில்லீ, சில்லீ என்று விடாமல் கத்துகிறது, காலையில் அதுதான் எழுப்பிவிடுகிறது." அந்த வரிக்காகத்தான் கிரீனிஷ் வார்ப்ளர் என்கிறேன். படத்தில் இருக்கும் எதுவும் அதை மறுக்கவில்லை, அவ்வளவுதான் படத்தின் பங்கு. இந்தக் கூட்டத்துப் பறவைகளைப் பொறுத்தவரை காது சொல்வதைக் கண் சரிபார்க்க வேண்டும். நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம், கேமரா விலை குறைந்ததிலிருந்து இன்னும் மோசம்.

தையல்சிட்டை முதலில் தள்ளிவிடலாம். அதற்கு உச்சந்தலையில் செம்பழுப்பு இருக்கும், வால் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், புதரிலும் தொட்டிச் செடியிலும்தான் அதிகம் தெரியும், சத்தம் அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பெரியது. உங்கள் படத்தில் கண்ணுக்கு மேலே நீளமான வெளிர் புருவக்கோடும், கண்ணை ஊடுருவிப் போகும் கறுத்த கோடும் இருக்கின்றன, தையல்சிட்டுக்கு அப்படி இருக்காது. மாம்பழச்சிட்டும் இல்லை, அதன் இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருக்கும், உடம்பும் மஞ்சள். வெள்ளைக்கண்ணி என்றால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டிருக்கும், குழந்தைகூடச் சொல்லிவிடும். இந்த மூன்றையும் தள்ளியபிறகு மிச்சமிருப்பவைதான் தொல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். கதிர்க்குருவி என்று தமிழில் நாம் சொல்வது ஒரே வகைப் பறவை இல்லை. வயலோரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் பிரினியாவும் கதிர்க்குருவி, நாணலிலும் வேலியிலும் ஒளிந்துகொண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல "டக், டக்" என்கிற பழுப்பு நிறப் பறவையும் கதிர்க்குருவி, மரத்தின் மேல்பாதியில் இலை இலையாகத் துழாவும் உங்கள் ஆளும் கதிர்க்குருவி. ஆங்கிலமும் வார்ப்ளர் என்ற சொல்லை இதே லட்சணத்தில்தான் பயன்படுத்துகிறது. அமெரிக்காவில் வார்ப்ளர் என்று சொல்லும் வண்ண வண்ணப் பறவைகளுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவே கிடையாது. நம் பக்கத்து வார்ப்ளர்களை எல்லாம் நீண்ட காலம் சில்வியிடே என்ற ஒரே குடும்பத்தில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட ஆரம்பித்ததும் மூட்டை பிரிந்தது. பெர் ஆல்ஸ்ட்ரோமும் அவர் கூட்டாளிகளும் 2006ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இலைக் கதிர்க்குருவிகள் ஃபில்லோஸ்கோபிடே என்று தனிக்குடித்தனம் போய்விட்டன. நாணல்காரர்கள் வேறு குடும்பம், பிரினியாவும் தையல்சிட்டும் சேர்ந்து இன்னொரு குடும்பம். ஆக, குழுவில் தையல்சிட்டு என்று சொன்னவர் ஒரு குடும்பம் தள்ளித் தவறியிருக்கிறார், மற்ற மூவரும் ஒரே பேரினத்துக்குள்தான், அதாவது குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் ஒரே கூட்டத்துக்குள்தான், சண்டை போடுகிறார்கள். அந்தப் பேரினத்தின் பெயர் ஃபில்லோஸ்கோபஸ், கிரேக்கத்தில் இலையை ஆராய்கிறவன் என்று அர்த்தம். ஏறக்குறைய 80 இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை ஒன்றுபோலவே பச்சை, பழுப்பு, வெளிர் மஞ்சள்.

அந்த 80ல் நம் மாவட்டங்களுக்கு வருவது கொஞ்சம்தான், அது நம் அதிர்ஷ்டம். இமயமலை அடிவாரத்தில் பறவை பார்ப்பவர்கள் பாடு இதைவிடத் திண்டாட்டம்.

சரி, ஒவ்வொருவராகப் பார்ப்போம். கிரீனிஷ் வார்ப்ளர், அறிவியல் பெயர் ஃபில்லோஸ்கோபஸ் ட்ரோகிலாய்டிஸ், நமக்கு வருவது அதன் விரிடானஸ் என்ற துணையினம். நீளம் 10 சென்டிமீட்டர் சுமார், எடை 8 கிராம் பக்கம், அதாவது இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் அவ்வளவுதான் பறவை. மேலே சாம்பல் கலந்த மங்கிய பச்சை, கீழே மங்கிய வெள்ளை, சிலவற்றில் லேசாக மஞ்சள் தடவினாற்போல. இறக்கையில் ஒரே ஒரு மெல்லிய வெளிர் பட்டை. கீழலகு முழுக்க வெளிர் ஆரஞ்சு, மேலலகு கறுப்பு. புருவக்கோடு அலகின் அடி வரைக்கும் வந்து முடியும். குரல் இரண்டு அசை, "சில்லீ" என்றோ "ட்ஸிலீ" என்றோ காதில் விழும், இரண்டு அசையும் அவசரமாக ஒட்டிக்கொண்டு வரும்.

கிரீன் வார்ப்ளர், நிடிடஸ். பெயருக்கேற்ற மாதிரி பச்சை இன்னும் தெளிவு, கன்னம், தொண்டை, புருவம் எல்லாம் மஞ்சள் தோய்ந்திருக்கும், இறக்கைப் பட்டை கொஞ்சம் அகலம், சில சமயம் மேலே இரண்டாவது பட்டையின் சாயலும் தெரியும். குரலில் மூன்றாவது அசை ஒன்று எட்டிப் பார்க்கும், "ச்சி-ரி-ரீ" என்பது போல. கூடு கட்டுவது காகசஸ் மலைகளிலும் அதை ஒட்டிய வட துருக்கியிலும் வட ஈரானிலும். குளிர்காலத்துக்கு வந்து சேர்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளுக்கும் இலங்கைக்கும். இலங்கைத் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தோட்டத்தில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான், கிரீனிஷ் இல்லை. நம் பக்கம் மலையின் ஈரப் பகுதிக்குப் போகப் போக நிடிடஸ் கூடும், காய்ந்த சமவெளிப் பக்கம் விரிடானஸ் கூடும். இரண்டும் ஒரே மரத்தில் சந்திக்கும் இடங்களும் உண்டு. தென்காசி சரியாக அந்த நடுவில் மாட்டிக்கொண்ட ஊர், அதனால்தான் உங்கள் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

லார்ஜ் பில்ட், மேக்னிராஸ்ட்ரிஸ், கொஞ்சம் பெரிய ஆள், 12, 13 சென்டிமீட்டர். உச்சந்தலை நன்றாகக் கறுத்து, அதன் கீழே புருவக்கோடு எடுப்பாகத் தெரியும். அலகு நீளம், கீழலகிலும் கறுப்பு, அடிப்பகுதி மட்டும்தான் வெளிர். இதற்குக் காடு வேண்டும், நிழல் வேண்டும், மற்ற இரண்டையும் போலப் பரபரவென்று அலையாது. இத்தனையும் மறந்துவிட்டாலும் பரவாயில்லை, குரல் ஒன்று போதும்: முதல் அசை கீழே, இரண்டாவது அசை தெளிவாக ஏறி மேலே, யாரோ விசிலடித்துக் கேள்வி கேட்டாற்போல "டிர்-டீ?" என்று இருக்கும். ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த மூன்றைத் தவிர வெஸ்டர்ன் கிரௌன்ட் என்று ஒன்று, ஆக்சிபிடாலிஸ், உச்சந்தலை நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு வெளிர் கோடு இருக்கும், இறக்கையில் இரண்டு பட்டை, மலைக்காட்டில் மற்ற பறவைகளோடு கும்பலாக மர உச்சியில் போகும். குரலும் இரண்டு அசைதான் என்பதால் இதில் மட்டும் கண்தான் கைகொடுக்கும், வகிட்டைப் பாருங்கள். நீலகிரி, கொடைக்கானல் உயரத்தில் டிக்கெல்ஸ் என்ற இன்னொரு இலைக் கதிர்க்குருவி கிடைக்கும், வயிறெல்லாம் மஞ்சள், பட்டை இல்லை, தாழ்ந்த புதர், "ச்சிப்" என்று ஒற்றைக் குரல். உங்கள் வேப்பமரத்துக்கு இந்த இரண்டையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது குழுவில் நடந்த சண்டைக்கு வருவோம். கிரீன் வார்ப்ளர் என்றவர் சொன்ன காரணம் "தொண்டை மஞ்சளாக இருக்கிறது." இருக்கிறது, நானும் பார்த்தேன். ஆனால் வேப்பிலைக்கு நடுவே காலை எட்டு மணி வெயிலில் எடுத்த படம், இலை வழியே வருகிற வெளிச்சம் வெள்ளைச் சட்டையைக்கூட மஞ்சளாக்கும். அதோடு, அந்த வருடம் பிறந்த இளம் கிரீனிஷ்களில் சிலவற்றுக்கு உண்மையிலேயே கொஞ்சம் மஞ்சள் இருக்கும். லார்ஜ் பில்ட் என்றவர் "பட்டையே தெரியவில்லை, புருவம் பெரிசாக இருக்கிறது" என்றார். இறக்கைப் பட்டை என்பது தனி இறகு கிடையாது, சில இறகுகளின் நுனியில் இருக்கும் வெளிர் ஓரம். இலையிலும் கிளையிலும் நாள் முழுக்க உரசும் பறவைக்கு அந்த நுனிதான் முதலில் தேயும். செப்டம்பரில் பளிச்சென்று இருந்த பட்டை போகப் போக இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிந்துவிடலாம். பட்டையை எண்ணி இனம் சொல்கிறவர்கள் பறவையின் சட்டை எவ்வளவு பழசு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் ஞானியைப் போல் சொல்கிறேனே தவிர, நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. முதல் நாலைந்து வருடம் குற்றாலத்துக்கு மேலே மலையில் பார்த்த பச்சைக் குருவி அத்தனையையும் கிரீனிஷ் என்றே நோட்டில் எழுதினேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான், தெரிந்த பெயரைத்தானே வைப்போம். ஒரு நாள் கூட வந்த பெரியவர் ஒருவர், கண் சரியாகத் தெரியாது அவருக்கு, பைனாகுலரைக் கழுத்தில் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நடப்பவர், நான் கிரீனிஷ் என்று சொன்ன பறவையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் "எத்தனை அசை?" என்று கேட்டார். எண்ணவே இல்லை நான். நின்று எண்ணினால் மூன்று. அப்புறம் பழைய நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அந்த மலையில் எழுதிய எதையும் நம்ப முடியவில்லை, எல்லாவற்றிலும் நிறம் எழுதியிருந்தேன், ஒன்றில்கூடக் குரல் எழுதவில்லை. மொத்தத்தையும் "இலைக் கதிர்க்குருவி, ஏதோ ஒன்று" என்று திருத்தினேன்.

சரி, குளிர்காலத்தில் இது ஏன் இப்படிக் கத்துகிறது? நியாயமான கேள்வி, பாட்டுப் பாடி ஜோடி சேர்க்க வேண்டிய இடம் சைபீரியாவில் இருக்க, தென்காசியில் என்ன வேலை? பதில் இடத்தகராறுதான். இங்கே ஒவ்வொரு கிரீனிஷும் தனியாளாகத் தனக்கென்று நாலைந்து மரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை உள்ளே விடாது, அது ஆணானாலும் சரி பெண்ணானாலும் சரி. டிரெவர் பிரைஸ் என்ற ஆய்வாளர் கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஆந்திரப் பகுதியில், இதன் குளிர்கால வாழ்க்கையைக் கவனித்து 1981ல் எழுதியிருக்கிறார். பிறகு மதுசூதன் கட்டி நம் களக்காடு முண்டந்துறையிலேயே இந்த இலைக் கதிர்க்குருவிகளை ஆராய்ந்தார், உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். இதற்குத் தீனி இலையில் இருக்கும் சின்னப் பூச்சியும் புழுவும்தான், இலை இருந்தால்தான் பூச்சி, மழை இருந்தால்தான் இலை. வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்ததா இல்லையா என்பது பின்லாந்துக் காட்டில் முட்டையிடப் போகிற பறவைக்கும் முக்கியம். அதனால் நல்ல மரம் கிடைத்தால் விடாது. "சில்லீ" என்பது "இந்த வேம்பு என்னுடையது" என்கிற பட்டா.

இதனால் நமக்கு ஒரு வசதி. தினமும் அதே மரத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில், அதே பறவை கிடைக்கும். படம் மங்கலாகிவிட்டதே என்று பதற வேண்டியதில்லை, நாளைக்கும் வரும், ஏப்ரல் வரைக்கும் இருக்கும். ஒரு வேண்டுகோள், போனில் இதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்காதீர்கள். தன் இடத்தில் இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று அது தீனியை விட்டுவிட்டுத் தேட ஆரம்பிக்கும், 8 கிராம் உடம்புக்கு அந்த அலைச்சல் சும்மா இல்லை.

இனி இரண்டாவது கேள்வி, ஒரே இனமா, தனித்தனியா. எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் பிடிக்கும், கொஞ்சம் நீளும்.

இந்தக் கூட்டத்தைக் குரலை வைத்துப் பிரித்தவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட். அவர் காலத்தில் அங்கே "வில்லோ ரென்" என்று ஒரே பெயரில் சொல்லப்பட்ட பறவை உண்மையில் மூன்று வேறு பறவைகள் என்று 1768ல் கடிதம் எழுதினார், மூன்றும் எப்போதும் வேறு வேறு மாதிரி பாடுகின்றன என்பதுதான் அவர் பிடித்த நுனி. இன்றைக்கு அவற்றை சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர், உட் வார்ப்ளர் என்கிறோம். பைனாகுலர் இல்லாத காலம், காதுதான் கருவி.

நம் கிரீனிஷின் கதை தொடங்குவது கல்கத்தாவில். சுண்டேவால் என்ற ஸ்வீடன்காரர் 1837ல் அங்கே கிடைத்த பறவையை வைத்து ட்ரோகிலாய்டிஸ் என்று பெயரிட்டார், வில்லோ வார்ப்ளரின் பெயர் ட்ரோகிலஸ், அதைப் போன்றது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால் அதை அவர் போட்டது அகாந்திஸா என்ற பேரினத்தில், அது ஆஸ்திரேலியப் பறவைகளுடையது. பிறகு கல்கத்தா ஆசியவியல் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளித், 1843ல் விரிடானஸ், நிடிடஸ், மேக்னிராஸ்ட்ரிஸ் மூன்றுக்கும் பெயர் வைத்தார். உங்கள் குழு இன்று சண்டை போடுகிற அதே மூன்று பெயர், அதே ஒருத்தர் கொடுத்தது, அதே வருடம். அவர் கையில் இருந்தவை செத்துக் காய்ந்த தோல்கள், அலகும் இறக்கையும் நிறமும்தான் ஆதாரம். தோலுக்குக் குரல் கிடையாது. அந்தக் குறை தீர இன்னும் 150 வருடம் ஆயிற்று.

நடுவில் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் என்ற பறவையியலாளர் வந்தார். இவர் 1938ல் இந்தப் பேரினம் முழுவதையும் வரிசைப்படுத்தியபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். திபெத்தியப் பீடபூமியை மனதில் வரைந்துகொள்ளுங்கள், மரம் இல்லாத பெரிய மேடு, இந்தப் பறவைக்கு அங்கே வாழ வழியில்லை. அதைச் சுற்றியுள்ள காடுகளில் மாலை கோத்தாற்போல ஒன்றையடுத்து ஒன்றாகக் கிரீனிஷின் வகைகள் இருக்கின்றன. தெற்கே இமயமலையில் ட்ரோகிலாய்டிஸ், அங்கிருந்து மேற்கே போனால் லுட்லோவி, அப்படியே மத்திய ஆசியா வழியாக வடக்கே ஏறினால் மேற்குச் சைபீரியா வரைக்கும் விரிடானஸ். கிழக்கே போனால் சீனப் பக்கம் அப்ஸ்க்யூராட்டஸ், இன்னும் வடக்கே கிழக்குச் சைபீரியாவில் ப்ளம்பிடார்சஸ், இறக்கையில் இரண்டு பட்டை உள்ளது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறுகிறார்கள், எல்லைக்கோடு எங்கே போடுவது என்று தெரியாது. ஆனால் இரண்டு முனையும் நடுச் சைபீரியாவில், யெனிசெய் ஆற்றுப் பக்கம், மறுபடி சந்திக்கின்றன. அங்கே விரிடானஸும் ப்ளம்பிடார்சஸும் ஒரே காட்டில் வாழ்ந்தும் வழக்கமாகக் கலப்பதில்லை. இதைத்தான் வளைய இனம் என்கிறார்கள். மாலையின் இரு முனைகளும் இரண்டு இனம், ஆனால் மாலை முழுக்க ஒரே நூல்.

அப்படியானால் முனைகள் ஏன் ஒன்றையொன்று தெரிந்துகொள்வதில்லை? டேரன் இர்வின், ஸ்டாஃபன் பென்ஷ், டிரெவர் பிரைஸ் மூவரும் 2001ல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் வருகிறது. ஆமாம், கிழக்குத் தொடர்ச்சி மலையில் பார்த்தோமே, அதே பிரைஸ். காரணம் பாட்டு. இமயமலையில் இதன் பாட்டு குட்டையானது, எளிமையானது, ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பாடுவது. வடக்கே போகப் போக இரண்டு பக்கமும் பாட்டு நீள்கிறது, சிக்கலாகிறது, ஆனால் மேற்குப் பக்கம் ஒரு மாதிரி, கிழக்குப் பக்கம் வேறு மாதிரி. இரண்டு கிராமத்தார் ஒரே தாலாட்டை எடுத்துக்கொண்டு போய் ஆளுக்கொரு விதமாக இழுத்துப் பாடி, பேரன் காலத்தில் திருவிழாவில் சந்தித்தபோது அது ஒரே தாலாட்டு என்றே தெரியாமல் போன கதைதான். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள். தன் வகைப் பாட்டைக் கேட்டால் ஆண் சண்டைக்கு வருகிறது, முனையின் மறுபக்கத்துப் பாட்டைக் கேட்டால் கண்டுகொள்வதில்லை. அதற்கு அது ஒரு போட்டிக்காரன் இல்லை, யாரோ ஒரு பறவை.

வலசைப் பாதையும் பிரிந்திருக்கிறது. விரிடானஸ் பீடபூமிக்கு மேற்கே சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வரும், பின்லாந்திலிருந்து கிளம்பியதென்றால் தென்காசிக்கு நேர்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்குக் குறையாது. ப்ளம்பிடார்சஸ் கிழக்கே சுற்றித் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகும். இந்தக் குருவிகளுக்குத் திசை பிறவியிலேயே எழுதியிருப்பது, அம்மா வழிகாட்டிக் கூட்டிப் போவதில்லை. இரண்டுக்கும் குட்டி பிறந்தால் அதற்கு நடுத்திசை வாய்க்கலாம், நடுத்திசையில் இருப்பது திபெத். கலப்புப் பிள்ளைகள் பிழைக்காமல் போக அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இர்வின் தரப்பு சொல்கிறது. நிரூபித்த உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது.

இந்த அழகான வளையத்தில் 2014ல் கொஞ்சம் கீறல் விழுந்தது. இர்வின் குழுவே முழு மரபணுத் தொகுதியில் பல ஆயிரம் இடங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், மாலை எப்போதும் அறுபடாமல் இருக்கவில்லை, கடந்த காலத்தில் சில இடங்களில் பிரிந்து கிடந்து மறுபடி சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. யெனிசெய் பக்கமும் சுத்தமாகக் கலப்பே இல்லை என்று சொல்ல முடியாது, சிறிதளவு மரபணு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கசிந்திருக்கிறது. தன் புகழ்பெற்ற முடிவைத் தானே நோண்டிப் பார்த்துத் திருத்திச் சொன்ன நேர்மைக்காகவே எனக்கு இவர்கள் மேல் மரியாதை.

இதில் நிடிடஸ் எங்கே? அது மாலையிலேயே இல்லை. காகசஸில் தனியாக ஒதுங்கி நிற்கிறது, விரிடானஸோடு சங்கிலித் தொடர்பு இல்லை, மரபணுவிலும் தெளிவான இடைவெளி, மஞ்சளும் அதிகம். அதனால் அதைப் பிரிப்பது ஒப்பீட்டளவில் சுலபம், இபேர்டும், உலகப் பறவைகளின் பெயர்ப்பட்டியலான ஐஓசி பட்டியலும் கிரீன் வார்ப்ளரைத் தனி இனமாகவே வைத்திருக்கின்றன. ப்ளம்பிடார்சஸையும் டூ பார்ட் வார்ப்ளர் என்று தனியாக வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே எல்லையை எந்த மரத்தில் போடுவது என்பதில் தகராறு இருக்கத்தான் செய்யும், மாலையை எங்கே வெட்டினாலும் இரண்டு முத்துக்கு நடுவேதான் வெட்ட வேண்டியிருக்கிறது. பழைய கையேடு பொய் சொல்லவில்லை, அந்தக் காலத்துக் கணக்கு அது, தோலை வைத்துப் போட்டது. நீங்கள் இபேர்டில் பதிவதென்றால் இபேர்டின் கணக்கைப் பின்பற்றுங்கள், நாளைக்கு அவர்கள் சேர்த்தாலும் பிரித்தாலும் உங்கள் பதிவும் தானாக மாறிக்கொள்ளும், குரலை எழுதி வைத்திருந்தால் எந்தப் பிரிவினைக்கும் அது தாங்கும்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல செயலி, நானும் வைத்திருக்கிறேன். அது சொல்வதை அக்கம்பக்கத்துக்காரர் சொல்வதைப் போல எடுத்துக்கொள்ளுங்கள், காதில் போட்டுக்கொண்டு நாமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது. கிரீனிஷுக்கும் கிரீனுக்கும் நடுவே அது தடுமாறினால் ஆச்சரியமில்லை, மூன்றாவது அசையை நிடிடஸ் எல்லா நேரமும் தெளிவாகச் சொல்லித் தொலைப்பதில்லை. ஒரே ஒரு கூவலை வைத்து முடிவு கட்டாமல் இருபது, முப்பதைக் கேளுங்கள்.

எனவே உங்கள் பறவையை இப்போதைக்குக் கிரீனிஷ் என்று பதியலாம், குறிப்பில் "குரல் இரண்டு அசை, பலமுறை கேட்டது" என்று எழுதுங்கள். எண்ணியதில் சந்தேகம் இருந்தால் கிரீனிஷ் அல்லது கிரீன் என்ற பொதுப் பெயரில் போடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மார்ச் கடைசி, ஏப்ரல் முதலில் கிளம்புவதற்கு முன்னால் சில நாள் முழுப் பாட்டையே பாடிப் பார்க்கும், யெனிசெய்க் காட்டில் இரண்டு இனத்தைப் பிரித்து வைத்திருக்கும் அந்தப் பாட்டை உங்கள் வாசலிலேயே கேட்கலாம், அப்போது கட்டாயம் காது கொடுங்கள். அதற்கு முன்னால் முடிந்தால் இந்த வாரமே போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். மாடிக்குப் போய்ச் செய்யுங்கள், சமையலறை ஜன்னலோரம் வேண்டாம், போன முறை ஒருவர் அனுப்பியதில் நான் தெளிவாகக் கேட்டது அவர் வீட்டு மிக்ஸியை மட்டும்தான்.